ஒரு ரப்பர் துண்டுக்காக ஸ்டியரிங்கையே மாற்று என்பவர்களுக்கு

இன்றைக்குக் கொஞ்சம் சண்டைக்காரியாகத்தான் எழுதப்போகிறேன். பிரஷர் மாத்திரை போட்டுவிட்டேன், யாரும் கவலைப்பட வேண்டாம்.

என் சண்டை 'அசெம்ப்ளி' என்ற சொல்லோடு. நம் பள்ளிக்கூடத்தில் அசெம்ப்ளி என்றால் காலையில் கொடிக்கம்பத்தின் முன்னால் வரிசையாக நிற்பது. கார் சர்வீஸ் சென்டரில் அசெம்ப்ளி என்றால், உள்ளே எந்தச் சாமான் கெட்டிருக்கிறது என்று பார்க்காமலேயே மொத்தத்தையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுவது. "அசெம்ப்ளியாத்தான் மேடம் மாத்தணும், தனியா வராது." இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிட்டால் போதும், வேறு எதுவும் படிக்க வேண்டாம் போலிருக்கிறது.

என் காருக்கு எட்டு வயது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் வலது பக்கம் அசைத்தால் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். கையிலும் அந்தத் தட்டு தெரியும். பார்க்கிங் செய்யும்போது அதிகம். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை போட்ட பையன் உட்கார்ந்து இரண்டு தடவை ஸ்டியரிங்கை ஆட்டினான். வண்டிக்கு அடியில் யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பத்தே நிமிடத்தில் எஸ்டிமேட்: ஸ்டியரிங் காலம் அசெம்ப்ளி, லேபர், வரி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். (காலம் என்றதும் இறந்தகாலம், நிகழ்காலம் என்று போய்விடாதீர்கள். ஸ்டியரிங் வீலைத் தாங்கி நிற்கிற தண்டுக்குத்தான் அந்தப் பெயர்.) அதில் ஒரு சிறப்பு, விலையை அவன் சொன்னது என்னிடம் அல்ல. கூட வந்த என் தம்பி மகனிடம். கார் என் பெயரில் இருக்கிறது, பணம் என் பென்ஷன், ஓட்டுவதும் நான்.

எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். எல்லா இடத்திலும் இதே பாட்டுதான், பெயர் சொன்னால் ஒருவனை மட்டும் திட்டியதாகிவிடும்.

இப்போது கொஞ்சம் பாடம். எட்டாம் வகுப்பு அறிவியல் அளவுதான், பயப்படாதீர்கள்.

பழைய பவர் ஸ்டியரிங்கில் எண்ணெயும் பம்பும் இருந்தன. இப்போது சின்னக் கார்களில் பெரும்பாலும் மின்சார மோட்டார்தான். 1988-ல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில் வந்தது இந்த முறை. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி கொஞ்சம் முறுகும். எவ்வளவு முறுகியது என்பதை ஒரு சென்சார் அளக்கும். அதையும் வண்டியின் வேகத்தையும் பார்த்து, எவ்வளவு உதவி செய்யலாம் என்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் மோட்டாருக்குச் சொல்லும். மோட்டார் ஒரு திருகுப்பல் தண்டைச் சுற்றும், அது காலத்தில் இருக்கும் பெரிய பல்சக்கரத்தைத் திருப்பும். இவ்வளவுதான் விஷயம்.

அந்த மோட்டாரையும் திருகுப்பல் தண்டையும் நேரடியாக இரும்போடு இரும்பாகச் சேர்த்தால் அதிரும், சத்தம் வரும். அதனால் பல வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே நட்சத்திரம் மாதிரி ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டு வைத்திருக்கிறார்கள். கப்ளிங் என்று பெயர். டாஷ்போர்டுக்குள் வெயிலில் வெந்து வெந்து, வருடக்கணக்கில் இங்கும் அங்கும் அடிவாங்கி அது உதிர்ந்துபோகும். உதிர்ந்த இடத்தில் இடைவெளி வரும். ஒவ்வொரு முறை திசை மாற்றித் திருப்பும்போதும் மோட்டார் பக்கத்துப் பல் அந்த இடைவெளியைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கத்துப் பல்லில் முட்டும். அதுதான் 'டொக்'.

பெண்களே, உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். மிக்ஸி ஜாருக்கு அடியில் இருக்கிறதே கப்ளர், அதேதான்! அது தேய்ந்தால் மிக்ஸி கடகடவென்று கத்தும், சட்னி அரையாது. நாம் என்ன செய்கிறோம்? முக்குக் கடையில் கொடுத்து வேறு கப்ளர் போட்டு வருகிறோம். மோட்டார், ஜார், பட்டன், வயர் எல்லாம் சேர்த்து 'மிக்ஸி அசெம்ப்ளி' வாங்கச் சொன்னால் அந்தக் கடைக்காரர் மறுநாள் கடை திறக்க முடியுமா? எங்கள் அப்பா கிணற்றடியில் பம்புசெட் கப்ளிங் ரப்பரைத் தானே மாற்றுவார், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. பழைய சைக்கிளில் காட்டர் பின் தேய்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் டக் டக் என்று அடிக்குமே, ஞாபகம் இருக்கிறதா? பின்னை மாற்றினோம். சைக்கிளையா மாற்றினோம்?

"தனியா வராது" என்பதும் எல்லா வண்டிக்கும் உண்மையில்லை. ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றுக்கு இந்தக் கப்ளிங் தனி உதிரிபாகமாகவே விற்கிறது. அமெரிக்காவில் ஹூண்டாய் நிறுவனமே, இந்தச் சத்தத்துக்குக் கப்ளிங்கை மட்டும் மாற்றும் முறையைத் தன் டீலர்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கிறது. அதாவது செய்யக்கூடிய வேலைதான். செய்யும் மனசுதான் கேள்வி.

இனி, எனக்கு வரும் பதிலைச் சொல்கிறேன். சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன் போனில் சொன்னான்: "டீச்சர், ஸ்டியரிங் உயிர் போற விஷயம். உள்ள கை வச்சு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? அதான் மொத்தமா மாத்துறோம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார் தம்பி. உன் கையிலிருந்து டயருக்குப் போகிற இரும்பு வழியில் அந்த ரப்பர் இல்லை. அது மோட்டாரின் உதவி வழியில் இருக்கிறது. அது முழுக்க உதிர்ந்தாலும் தண்டும் சக்கரமும் இணைந்துதான் இருக்கும். சத்தம் வரும், ஸ்டியரிங் பழையபடி சீராக இருக்காது, அவ்வளவுதான்.

உண்மையிலேயே உயிர் போகிற இடங்கள் வேறு. காலத்துக்குக் கீழே, பெடல்களுக்குப் பக்கத்தில், ஒரு இடைத்தண்டு உண்டு. அதன் இரு முனையிலும் சிலுவை மாதிரி யுனிவர்சல் ஜாயிண்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் போல்ட். அது தேய்ந்தாலும் இதே 'டொக்'. போல்ட் தளர்ந்தாலும் இதே 'டொக்'. அப்புறம் ஸ்டியரிங் ரேக் புஷ், டை ராடு எண்ட், பால் ஜாயிண்ட். இவையெல்லாம் அந்த இரும்பு வழியில் இருப்பவை. குனிந்து பார்க்காமல் 38,000 ரூபாய்க்குக் காலத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, தேய்ந்த பால் ஜாயிண்ட்டோடு வண்டியை வெளியே அனுப்பினால் யார் பொறுப்பு? பாதுகாப்பு என்ற சொல்லை வைத்து வாதாடுகிறவன் முதலில் வண்டிக்கு அடியில் போக வேண்டும் அல்லவா?

இது கற்பனை அல்ல. என் நாத்தனார் வீட்டில் நடந்தது. பணம் கட்டி, காலம் மாற்றி, வீட்டுக்கு வந்தால் முதல் வேகத்தடையிலேயே அதே சத்தம். கடைசியில் பார்த்தால் ஸ்டெபிலைசர் பார் லிங்க். ஸ்டியரிங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கழற்றிய பழைய காலத்தைக் கேட்டார்கள், ஸ்கிராப்பில் போய்விட்டதாம்.

சத்தம் எங்கே என்று கண்டுபிடிப்பது மந்திரம் இல்லை, இரண்டு பேரும் பத்து நிமிடமும் போதும். சமதரையில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை நடுவிலிருந்து இரண்டு விரல் அளவுக்கு அங்கும் இங்கும் மெதுவாக அசைக்க வேண்டும். மற்றவர் காதை வைத்துக் கேட்க வேண்டும். நின்ற வண்டியில், டாஷ்போர்டுக்கு அடியில் சத்தம் என்றால் கப்ளிங் அல்லது இடைத்தண்டு. இன்ஜினை அணைத்து, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை வைத்து, இடைத்தண்டின் ஜாயிண்டில் லேசாகக் கை வைத்துக்கொண்டு இன்னொருவரை அசைக்கச் சொன்னால், அங்கே ஆட்டம் இருந்தால் விரலுக்கே தெரியும். நின்ற வண்டியில் சத்தமே இல்லை, மேடு பள்ளத்தில் நேராகப் போகும்போது மட்டும் காலடியில் கடகடக்கிறது என்றால் ஸ்டியரிங் காலத்தை விட்டுவிடுங்கள். லிங்க், ஸ்ட்ரட் மவுண்ட், டை ராடு என்று கீழே தேடச் சொல்லுங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கி நிறுத்தி அடியில் போகிற வீரம் யாருக்கும் வேண்டாம், ஸ்டாண்டு இல்லாமல் கூடவே கூடாது.

என் வண்டியை ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவனிடம் கொண்டு போனேன். வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு என்னை அழவைத்தவன். அரைமணி நேரம் இப்படித்தான் பார்த்தான். பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் சும்மா விட்டான், ஏர்பேக் இருக்கிறதல்லவா. ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கட்டினான், இல்லாவிட்டால் அது தன்னால் சுற்றி உள்ளே இருக்கும் சுருள் கேபிள் அறுந்துவிடுமாம். காலத்தைக் கீழே இறக்கி, மோட்டாரைப் பிரித்துக் காட்டினான். ரப்பர் நட்சத்திரம் கருகிய முறுக்கு மாதிரி நொறுங்கிக் கையில் கொட்டியது. புதுத் துண்டு சில நூறு ரூபாய்தான், செலவெல்லாம் வேலைக்கு. மாட்டிய பிறகு ஸ்கேனர் போட்டு ஸ்டியரிங் கோணத்தைச் சரிபார்த்தான். எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய், அரை நாள். குறைத்துக்கொள்கிறேன் டீச்சர் என்றான், நான் விடவில்லை. கழுத்தை மடக்கி டாஷ்போர்டுக்குள் படுத்துச் செய்த வேலைக்குக் கூலி குறைப்பது பாவம்.

வெளியிலிருக்கும் மெக்கானிக்குகள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் நான் சொல்லவில்லை. "சைக்கிள் டியூபை வெட்டி வச்சுத் தரேன் அம்மா, முந்நூறு ரூபா கொடுங்க" என்று ஒருவர் சொன்னார். ஓடி வந்துவிட்டேன். ரப்பர் மேல் கையில் கிடைத்த கிரீஸை அப்புகிறவர்களும் உண்டு. சத்தம் ஒரு வாரம் அடங்கும், ரப்பர் ஊறிப்போய் இன்னும் சீக்கிரம் கெடும். சர்வீஸ் சென்டர் செய்வது பார்க்காமல் மாற்றுவது, இவர்கள் செய்வது பார்க்காமல் ஒட்டுவது. இரண்டு பேருக்கும் நான் ஒரே மார்க்தான் போடுவேன்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. மேல்முறையீடு, வாய்தா என்று அது இழுத்துக்கொண்டு போனது தனிக்கதை. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்தது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. அந்த வருடக் கடைசியில் அதற்கென இணையதளமும் வந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மக்கள் 2012-லேயே இதற்கு ஓட்டுப் போட்டுச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். நம் ஊரில் இணையதளம் இருக்கிறது, கவுண்டரில் "தனியா வராது" என்ற பதிலும் இருக்கிறது.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "சவுண்டுதானே சித்தி, பாட்டை சத்தமா வச்சுட்டு ஓட்டுங்க" என்று குடும்பக் குழுவில் சிரித்த மருமக்களே, சிரிப்பது சரி, போல்ட் தளர்ந்த 'டொக்'கும் பாட்டுக்குள் அமுங்கிவிடும். "ஆமா, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், படிச்ச பையன்க" என்று 38,000-த்தை எடுத்து நீட்டத் தயாராக இருந்த கொழுந்தனாரே, நீங்கள் கத்தரிக்காய் வாங்கும்போது கால் கிலோவுக்கு எவ்வளவு நேரம் பேசுவீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

வாரண்டி இருக்கிற வண்டி என்றால் யாரும் வெளியே பிரிக்க வேண்டாம். அவர்களிடமே கொடுங்கள், புகாரை ஜாப் கார்டில் எழுத்தாக எழுதச் சொல்லுங்கள், ஒரு பிரதி வாங்குங்கள். வாரண்டி முடிந்தது என்றால் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. எந்தச் சாமான் தேய்ந்திருக்கிறது, காட்டு. அது தனியாக வருமா, பார்ட் நம்பரைத் திரையில் காட்டு. கழற்றிய பழையது எனக்கு வேண்டும். மூன்றுக்கும் பதில் வராவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ரொம்ப வம்பு செய்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.

சர்வீஸ் சென்டரில், உதிரிபாகக் கடையில், ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் என் பிள்ளைகளே, இப்போது உங்களுக்கு வீட்டுப்பாடம். எந்தெந்த வண்டிக்கு இந்தக் கப்ளிங் தனியாகக் கிடைக்கிறது, பார்ட் நம்பர் என்ன, உங்கள் ஊரில் இதை ஒழுங்காகப் பிரித்துச் செய்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கீழே எழுதுங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், மற்றவர்களும் படிக்க வேண்டும். தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள், ஒற்றுப்பிழை இருந்தாலும் இந்த ஒருமுறை திருத்த மாட்டேன்.