சிசிடிவி இருக்கு... ஆனா முகம் தெரியலையே! மலிவு விலை கேமராக்களில் என்ன சிக்கல்?

திருட்டு நடந்த மறுநாள் சிசிடிவி காட்சி வெளியாகும். ஒரு பைக், அதில் இரண்டு உருவங்கள், வெள்ளையாகப் பளிச்சிடும் நம்பர் பிளேட். கேமரா ஓடியது, பதிவும் இருக்கிறது. ஆள் யார்னு மட்டும் தெரியாது. ஏன் இப்படி?

அரசு சோதனை போதாதா?

2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய மின்னணு அமைச்சகத்தின் பாதுகாப்பு விதிகள் நடைமுறையில் உள்ளன. ஆனால் இந்த விதிகள் முக்கியமாகப் பார்ப்பது, வெளியாட்கள் கேமராவுக்குள் ஊடுருவ முடியுமா என்பதைத்தான். உங்க வீட்டு வாசல்ல நிற்பவரின் முகம் தெளிவா பதிவாகுமா என்பதை நாமதான் சோதிக்கணும்.

மெகாபிக்சல் மட்டும் போதுமா?

போதாது. 2014-ல் வெளியான ஐஇசி 62676-4 என்ற சர்வதேச தரநிலை ஒரு கணக்கு சொன்னது. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும். ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் 125 போதும்.

2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம் கொண்டது. லென்ஸ் 90 டிகிரி கோணத்தில் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டர் தூரத்தில் அது 8 மீட்டர் அகலத்தைப் படம் பிடிக்கும். மீட்டருக்கு 240 பிக்சல், கிட்டத்தட்ட போதுமானது. அதே ஆள் 10 மீட்டர் தள்ளி நின்றால்? மீட்டருக்கு 96 பிக்சல்தான். முகத்துக்குக் கிடைப்பது சுமார் 15 பிக்சல். சினிமாவில் வருவது போல 'ஜூம் பண்ணுங்க' என்றால், கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பதிவாகாத விவரத்தை எந்த ஆப்பும் மீட்டுத் தராது. ஏஐ கூர்மையாக்கித் தரும் முகம் வெறும் ஊகம்தான்.

ராத்திரியில் என்ன ஆகிறது?

வெளிச்சம் குறைந்தால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா அதிக நேரம் ஒளியை வாங்கும். அது 25-ல் ஒரு பங்கு நொடி என்றால், 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் அதற்குள் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நம்பர் கலைந்துபோகும். போதாக்குறைக்கு, கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் நம்பர் பிளேட்டில் பட்டுத் திரும்பி, எழுத்தை வெள்ளையாக்கிவிடும்.

ஹார்டு டிஸ்க்கில் நடக்கும் சிக்கனம்

நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தால், ஒரு கேமரா ஒரு நாளில் சுமார் 43 ஜிபி பதிவு செய்யும். 1 டிபி டிஸ்க் 23 நாள் தாங்கும். 'ரெண்டு மாசம் பதிவு நிக்கும்' என்று விற்பதற்காக இந்த அளவைக் குறைத்தால், நாள் கூடும், படம் மங்கும். நான்கு கேமரா ஒரே டிஸ்க்கில் என்றால் நெருக்கடி இன்னும் அதிகம்.

வாங்கும் முன் என்ன செய்யலாம்?

* மொபைல் ஆப்பில் தெரியும் நேரலையை வைத்து முடிவு செய்யாதீங்க. பதிவான கோப்பை டவுன்லோடு செய்து, நிறுத்திப் பாருங்க.

* இரவு 9 மணிக்கு மேல் சோதனை செய்யுங்க. கேட் பக்கம் ஒருவர் இயல்பாக நடந்து வரட்டும், பிறகு பைக்கில் வரட்டும். முகமும் நம்பரும் தெரிகிறதா?

* குறைந்த விலையில் '4கே' என்று அட்டையில் போட்டிருந்தால், சென்சார் எத்தனை மெகாபிக்சல் என்று கேளுங்க. சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கியும் '4கே' என்று விற்கிறார்கள்.

* தெருவைப் பார்க்க ஒரு கேமரா, வாசலில் முகத்தைப் பிடிக்க இன்னொன்று எனப் பிரித்து வையுங்க.

மலிவு கேமரா என்றாலே வீண் என்று அர்த்தமில்லை. மாடியில் மாட்டிய விலை உயர்ந்த கேமராவுக்குத் தலை உச்சிதான் தெரியும். வாசலில் 3 மீட்டர் தூரத்தில், கொஞ்சம் தாழ்வாக, ஒரு விளக்கோடு வைத்த சாதாரண கேமராவில் முகமே பதிவாகலாம். கடைக்காரரிடம் 'எத்தனை மெகாபிக்சல்?' என்று கேட்பதோடு நிறுத்தாம, 'ராத்திரி என் கேட்ல நிக்கிறவர் முகம் பதிவுல தெரியுமா? போட்டுக் காட்டுங்க' என்று கேளுங்க.