ஆய்வகத்து அரட்டை - 7: கைத்தழும்பும் மூத்திரப்பையும்

இடதுகைச் சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க மக்கா. வட்டமா ஒரு தழும்பு இருக்கா? அதான் பிசிஜி, காசநோய்த் தடுப்பூசி. (அது அம்மை குத்தினதுன்னு சண்டைக்கு வர்ற பெருசுகள் மன்னிக்க :-))

புற்றுநோய்க்குத் தடுப்பூசின்னாலே இப்போ எல்லாரும் எம்ஆர்என்ஏ பத்தித்தான் பேசறாங்க. ஒவ்வொருத்தர் கட்டிக்கும் தனித்தனியா மருந்து செய்யறது பெரிய விஷயம்தான், மறுக்கலை. ஆனா இந்தக் கிழட்டு பிசிஜி பல வருஷமா சத்தமில்லாம அந்த வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்கு.

1976-ல் கனடாவின் கிங்ஸ்டனில் அல்வாரோ மொராலஸ் என்கிற மருத்துவர் ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் இதைச் செலுத்தி, கட்டி திரும்பி வருவது குறைகிறது என்று எழுதினார். வாரம் ஒண்ணு, மொத்தம் ஆறு. ஏன் ஆறு? மருந்து வந்த பெட்டியில ஆறு குப்பி இருந்துச்சாம்! இன்னிக்கும் அதே ஆறு வாரம்தான் :-)

போன மாசம் அம்மா போன்ல, "பெரியப்பாவுக்குப் புத்துன்னு சொல்லிட்டு எதுக்குடா காசநோய்க் கிருமியை உள்ள விடறாங்க? ஏமாத்தறாங்களா?" பெரியப்பா ரெண்டு டோஸோட எரிச்சல் தாங்காம நிறுத்தப் பார்த்தார்.

அம்மாவுக்குச் சொன்னது இதுதான். கட்டி நம்ம செல்லாலேயே ஆனது, அதனால உடம்பு கண்டுக்காம விட்டுடுது. திருடன் இருக்கிற தெருவுல போலீஸ் எட்டிப் பார்க்கலைன்னா, நடுத்தெருவுல பட்டாசைக் கொளுத்திப் போட்டு வரவழைக்கிற மாதிரி. உயிருள்ள, வீரியம் குறைஞ்ச கிருமி உள்சுவர்ல ஒட்டும். வெள்ளணுக்கள் ஓடி வரும். வந்த இடத்துல கட்டி செல்களையும் சேர்த்து அடிக்கும். எரிச்சல் அந்தச் சண்டையோட சத்தம். காய்ச்சல் விடாம அடிச்சா மட்டும் உடனே டாக்டர்கிட்ட ஓடணும். தசைக்குள்ள இறங்கிட்ட புற்றுக்கு இது பத்தாது.

எனக்குக் கடுப்பு வேற இடத்துல. 2012-ல் டொராண்டோவில் சனோஃபி ஆலைக்குள் வெள்ளம் புகுந்து உற்பத்தி நின்றது. பிறகு அந்நிறுவனம் இந்த மருந்தையே கைவிட்டது. அமெரிக்கா ஒரே கம்பெனியை நம்பி, ஒரு குப்பியை மூணு பேருக்குப் பங்கு வைக்கிற நிலைமை வரைக்கும் போச்சு. கிருமி மெதுவா வளரும், ஒரு தொகுதி தயாராக மாசக்கணக்காகும், லாபமும் சொற்பம். யார் புது ஆலை கட்டுவா? 2025-ல் புனே சீரம் நிறுவனத்தின் பிசிஜியைச் சிறப்பு அனுமதியில் அங்கே உள்ளே விட்டாங்க.

பெரியப்பாவுக்கு வர்ற வியாழன் மூணாவது டோஸ். குப்பி கையிருப்பு இருக்கான்னு முந்தின நாளே கேட்டு வைக்கச் சொல்லியிருக்கேன்.