கிலோ கணக்கில் வீங்கிய மண்ணீரல். சின்னத் துளை வழியா எப்படி எடுக்கிறாங்க?

இடது விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கும் மண்ணீரலின் எடை சாதாரணமாக 150 முதல் 200 கிராம்தான். தலசீமியா, சில வகை ரத்தப் புற்றுநோய்களில் இது வீங்கி 1 கிலோவைத் தாண்டிவிடும். தொப்புள் வரைகூட இறங்கிவிடும். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும். ரத்த அணுக்களும் குறையும்.

இப்படிப்பட்ட மண்ணீரலையும் இப்போது லேப்ராஸ்கோபி முறையில் அகற்றுகிறார்கள். முதலில் ரத்தக்குழாய்களை அடைத்துத் துண்டிப்பார்கள். பிறகு மண்ணீரலை ஒரு பைக்குள் போட்டு, வயிற்றுக்குள்ளேயே சிறு துண்டுகளாக்கி வெளியே எடுப்பார்கள். பை கிழிந்து திசு சிதறினால், அது உள்ளேயே மறுபடி வளரலாம். மண்ணீரல் ரொம்பப் பெரிசா இருந்தா, ஒரு கை நுழையும் அளவுக்குக் கீறல் போடுவதுண்டு. ரத்தக்கசிவு நிற்காவிட்டால் வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும்.

தழும்பு சின்னது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். சரி, அதோட முடிஞ்சுதா? இல்லை. மண்ணீரல் இல்லாதவருக்கு நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் தொற்றினால், சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால்தான் திட்டமிட்ட ஆபரேஷனுக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே நிமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல், ஹிப் தடுப்பூசிகளைப் போடச் சொல்கிறார்கள்.

காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய், 'எனக்கு மண்ணீரல் இல்லை' என்பதை முதலில் சொல்லணும். டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த எச்சரிக்கை தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். தழும்பு சின்னதா இருக்கிறதாலேயே, உள்ளே ஓர் உறுப்பு இல்லைங்கிறது சீக்கிரம் மறந்துபோகும்.