மூன்று பச்சை விளக்குகள்

ஆயுத பூஜையன்று நம் வீட்டில் எதற்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கிறோம் என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். தையல் மெஷின், கிரைண்டர், அரிவாள்மணை, பிள்ளைகளின் சைக்கிள்; கொஞ்சம் வசதியுள்ள வீடானால் வாசலில் நிற்கும் கார். சக்கரம் உள்ள வாகனமென்றால் பொட்டு மட்டும் போதாது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு வண்டி ஓரடி நகர வேண்டும். அப்போதுதான் வீட்டுப் பெரியவர்களுக்கு மனசு ஆறும்.

2024-ஆம் வருஷம் அந்தப் பூஜை அக்டோபர் 11-ந் தேதி, வெள்ளிக்கிழமை வந்தது. நான் பெரம்பலூரில் என் அத்தை வீட்டில் இருந்தேன். பொரிகடலையையும் சுண்டலையும் ஒரு கை பார்த்துவிட்டுச் சுகமாகச் சாய்ந்திருந்த சமயம், "ஏம்ப்பா, இங்க வந்து பாரேன்!" என்று கூடத்திலிருந்து அத்தையின் குரல் கேட்டது. குரலில் நடுக்கம்.

டெலிவிஷனில் ஒரு விமானம். அன்று மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஹைட்ராலிக் கோளாறினால் பயணத்தைத் தொடராமல், திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்து வானத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறது என்றார்கள். உள்ளே 140-க்கும் மேற்பட்ட ஜனங்கள். சக்கரம் உள்ளே போகவில்லை என்றது ஒரு செய்தி. வெளியே வராது என்றது இன்னொரு செய்தி. ஓடுதளத்தின் ஓரத்தில் தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசை கட்டி நின்றன.

அத்தையின் இரண்டாவது பிள்ளை ஷார்ஜாவில் ஏ.ஸி. மெக்கானிக். லீவில் வந்திருந்தான். அடுத்த வாரம் அதே திருச்சியிலிருந்து அதே ஊருக்கு அவனுக்கு டிக்கெட். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இப்படி ஒரு பிள்ளை வளைகுடாவில் இருப்பான். அன்றைக்கு எத்தனை வீடுகளில் ராத்திரிச் சமையலுக்கு அடுப்பே பற்றவைக்கவில்லையோ, யார் கண்டது!

"அந்தச் சக்கரத்தை எதுக்குப்பா மடிக்கணும்? பஸ்ஸு மாதிரி வெளியிலேயே இருந்துட்டுப் போனா ஆகாதா?" என்று கேட்டாள் அத்தை.

நியாயமான கேள்விதான். 1932-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்து வந்தாரே, அந்தச் சிறு விமானத்துக்குச் சக்கரம் வெளியிலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகப் போகிற வண்டிக்கு அது பாதகமில்லை. மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனால், எதிர்க்காற்று அதைப் பிடித்து இழுக்கும். எரிபொருள் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே தரையை விட்டுக் கிளம்பிய சில விநாடிகளில் காலை மடித்து வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிறது.

திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அதிகம் ஏறுவது போயிங் 737 ரகம். அடுத்த முறை யாரையாவது வழியனுப்பப் போனால், விமானம் கிளம்பித் தலைக்கு மேல் போகும்போது வயிற்றைக் கவனியுங்கள். இரண்டு பெரிய கறுப்பு வட்டங்கள் தெரியும். அவைதான் சக்கரங்கள். பின்னங்கால்களை உள்ளே வைத்த பிறகு அந்தப் பொந்துக்குத் தனியாகக் கதவு போடவில்லை. சக்கரமே தனக்குத் தானே மூடி! கதவு என்று ஒன்று வைத்தால் அதற்கு ஒரு கீல், ஒரு விசை, கெட்டுப்போக ஒரு காரணம். வேண்டாமென்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பொந்துக்குள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? சக்கரம் ஒண்டிக்கொள்கிற வெறும் இடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலை இருக்குமே, மோட்டார் ஸ்விட்ச், தண்ணீர்க் குழாய், மின்சார மீட்டர், பழைய பாய் என்று எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வைப்போமே, அந்த மாதிரி இடம் அது. ஹைட்ராலிக் எண்ணெய்த் தொட்டிகள் அங்கே. இறக்கையின் பின்விளிம்பை இறக்குகிற மோட்டார் அங்கே. விமானியின் கை அசைவை இறக்கைக்குக் கொண்டுபோகிற எஃகுக் கம்பிகளும் கப்பிகளும் அங்கே. சுவரெல்லாம் குழாய்கள். நடுவில், இப்போதுதான் ஓடுதளத்தில் பேய் வேகத்தில் உருண்டுவிட்டு வந்த சக்கரங்கள், விரற்கடை இடைவெளியில் வந்து படுத்துக்கொள்ள வேண்டும்.

சுற்றிக்கொண்டே உள்ளே வந்தால் என்ன ஆகும்? அதனால் மடிக்கும்போதே பிரேக் தானாகப் பிடித்து நிறுத்திவிடுகிறது. முன் சக்கரத்துக்கு அந்தப் பிரேக் இல்லை. அது உள்ளே போய் ஒரு பட்டையில் உரசி நின்றுகொள்ளும். அதற்கும் மேலே, பொந்தின் வாயில் ஒரு காவல்காரன் உண்டு. டயரின் ரப்பர் கிழிந்து தொங்கினால், அது அங்குள்ள ஒரு சிறு துண்டைத் தட்டி உடைக்கும். உடைந்த மாத்திரத்தில் மடிக்கிற வேலை நின்று, சக்கரம் மறுபடி வெளியே இறங்கிவிடும். கிழிந்த செருப்போடு வீட்டுக்குள் வராதே என்று வாசலிலேயே நிறுத்துகிற பாட்டியைப் போல!

இத்தனையையும் தூக்கி இறக்குகிற பலம் எண்ணெயின் அழுத்தத்தில் இருக்கிறது. நம் பிரஷர் குக்கர் விசில் அடிக்கிறபோது உள்ளே இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 15 பவுண்டு. அந்த எண்ணெய்க் குழாயில் 3,000 பவுண்டு. இருநூறு குக்கர்!

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பையன் வந்து உட்கார்ந்தான். நாரணமங்கலத்து டயர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். "டயர்ல எவ்வளவுண்ணே அடைப்பாங்க?" என்று கேட்டான். சுமார் 200 பவுண்டு என்றேன். கார் டயருக்கு முப்பது சொச்சம்தானே. அவன் புருவத்தைத் தூக்கினான். அடைப்பதும் சாதாரணக் காற்று அல்ல, நைட்ரஜன். ஏன் என்பதற்கு ஒரு துயரக் கதை இருக்கிறது.

1986 மார்ச் 31-ல் மெக்ஸிகோ நகரத்திலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 727-ல், பிரேக் உரசிச் சக்கரம் கொதித்துப்போயிருந்தது. டயரில் நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று. மடித்து உள்ளே வைத்த பிறகு டயர் வெடித்தது. பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்றுதான் பார்த்தோமே! குழாய்களும் கம்பிகளும் அறுந்து, தீப்பிடித்து, விமானத்தில் இருந்த 167 பேரும் மாண்டார்கள். 1991 ஜூலை 11-ல் ஜெட்டாவில் நடந்தது இன்னும் வயிற்றெரிச்சல். ஹஜ் முடித்து நைஜீரியாவுக்குத் திரும்பிய யாத்ரீகர்கள். டயரில் அழுத்தம் குறைவு என்று கிளம்புவதற்கு முன்பே தெரிந்திருந்தது. நேரமாகிவிடும் என்று அப்படியே கிளப்பினார்கள். 261 உயிர்கள்.

அந்தப் பொந்தில் நெருப்பு வந்தால் விமானிக்கு எச்சரிக்கை விளக்கு எரியும். ஆனால் 737-ல் அங்கே தீயணைக்கும் கருவி கிடையாது. வேடிக்கை என்னவென்றால், எஞ்சினில் பிடிக்கும் தீயை அணைக்கிற மருந்துக் குடுவைகள் அதே பொந்தின் சுவரில்தான் மாட்டியிருக்கின்றன! ஊராருக்கு உதவும், தன் வீட்டுக்கு உதவாது. பொந்தில் தீ என்றால் வைத்தியம் ஒன்றே: வேகத்தைக் குறைத்து, சக்கரத்தை வெளியே இறக்கிக் காற்றாட விடுவது. அதனால்தான் கால் வெளியே தொங்குவதைப் பார்த்து நாம் பயப்பட வேண்டியதில்லை. கால் வெளியே இருப்பது பத்திரம். உள்ளே சிக்கிக்கொள்வதுதான் சங்கடம்.

இப்படிப்பட்ட இடத்தில் மனுஷர் ஏறி ஒளிந்துகொள்வதும் உண்டு. 1996-ல் டில்லியிலிருந்து லண்டனுக்குப் பஞ்சாபைச் சேர்ந்த அண்ணனும் தம்பியும் அப்படிப் போனார்கள். ஒருவர் பிழைத்தார், ஒருவர் பிழைக்கவில்லை. 2025 செப்டம்பர் 21-ல் காபூலிலிருந்து டில்லிக்கு வந்த விமானத்தின் சக்கரப் பொந்திலிருந்து பதின்மூன்று வயது ஆப்கானியச் சிறுவன் ஒருவன் இறங்கி வந்தான். வெளியே உறைபனியை விடக் கொடிய குளிர், மூச்சுவிடக் காற்றில்லை. உயிரோடு எப்படி வந்தான் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனைப் பெற்றவளுக்கு யார் போய்ச் சொன்னார்களோ?

அத்தை வீட்டுக் கூடத்துக்கு வருவோம். அரியலூரிலிருந்து சம்பந்தியம்மாள் போனில் வந்தாள். அவள் மாமியாருக்கு எண்பதுக்கு மேல். 1956 நவம்பர் 23-ந் தேதி விடியுமுன், அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்று வெள்ளம் பாலத்தைச் சிதைத்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்ததே, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமாச் செய்தாரே, அந்தக் காலையைக் கண்ட கிழவி அவள். "விமானமெல்லாம் வேணாம், பையனை வீட்டோட இருக்கச் சொல்லு" என்று போனில் கட்டளையே போட்டுவிட்டாள். அத்தை என்னைப் பார்த்தாள்.

"சக்கரம் வரலைன்னா என்ன பண்ணுவாங்க?"

எண்ணெய் அழுத்தம் போய்விட்டாலும் சக்கரத்தை இறக்க வழி உண்டு. விமானிகள் அறையின் தரையில், துணை விமானியின் நாற்காலிக்குப் பின்னால், ஒரு சிறு மூடி. அதைத் திறந்தால் மூன்று கைப்பிடிகள். காலுக்கு ஒன்று. இழுத்தால், மேலே பிடித்திருக்கும் கொக்கி விடுபடும். சக்கரம் தன் பாரத்தினாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். முன் சக்கரம் முன்பக்கமாக மடிகிறதல்லவா? அதனால் எதிர்க்காற்றே அதைப் பின்னால் தள்ளி இறக்க உதவும். மின்சாரம் நின்றுபோன வீட்டில் கிணற்றுக் கயிறு உதவுவது போலத்தான்.

"அப்புறம் ஏன் இத்தனை நேரம் சுத்துறாங்க?"

பாரத்தைக் குறைக்கத்தான். 737-800 கிளம்பும்போது 79 டன் வரை இருக்கலாம். இறங்கும்போது 66 டன்னுக்குள் இருப்பது நல்லது. ஷார்ஜா வரைக்குமான எரிபொருள் வயிற்றில் இருக்கிறது. வானத்தில் கொட்டிவிடும் வசதி இந்த ரகத்துக்குக் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும்; மணிக்குச் சுமார் இரண்டரை டன். சுற்றியது தவிப்பினால் அல்ல, கணக்கினால்.

சக்கரத்தை ஏற்றி இறக்குகிற பிடியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. அதன் நுனியில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க விமானிகள் பத்திரமாகத் தரையிறங்கிய பிற்பாடு, இறக்கைப் பிடி என்று நினைத்துச் சக்கரப் பிடியை இழுத்து, விமானத்தை வயிற்றில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். விமானிகள் கவனமில்லாதவர்கள் என்று திட்டினார்கள் மேலதிகாரிகள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற மனோதத்துவ நிபுணர் போய்ப் பார்த்தார். இரண்டு பிடியும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில்! உப்பையும் சர்க்கரையையும் ஒரே மாதிரி ஜாடியில் வைத்துவிட்டு மருமகளைத் திட்டுகிற கதைதான். ஒன்றின் நுனியில் ரப்பர்ச் சக்கரத்தை வைத்தார். இருட்டிலும் கை கண்டுகொண்டது. இன்றும் அந்த வழக்கம்தான்.

அந்தப் பிடிக்குப் பக்கத்தில் விளக்குகள். மூன்று காலும் இறங்கிப் பூட்டிக்கொண்டால் மூன்று பச்சை. பழைய 737-களில், விளக்கை நம்பாவிட்டால் நேரில் பார்த்துக்கொள் என்று தரையில் சிறு கண்ணாடித் துவாரம் கூட வைத்திருந்தார்கள்.

இரவு எட்டேகால் மணிவாக்கில் அந்த விமானம், சக்கரங்கள் ஒழுங்காக இறங்கி, திருச்சி ஓடுதளத்தைத் தொட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அன்று துணை விமானி ஒரு பெண் என்று செய்தியில் சொன்னதும், அத்தை ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, பேசாமல் எழுந்து போய்ச் சுவாமி விளக்கைத் தூண்டிவிட்டு வந்தாள். பிறகுதான் தோசைக்கல் அடுப்பில் ஏறியது.

அடுத்த வாரம் பையன் கிளம்பினான். அரியலூர்க் கிழவியின் கட்டளை செல்லவில்லை. வீட்டுக் கடன் இன்னும் பாக்கி. நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் அத்தையிடமிருந்து போன்.

"இறங்கிட்டான்ப்பா. நல்லா இறங்குச்சாம்."

"ரொம்ப சந்தோஷம், அத்தை."

"மூணு விளக்கும் எரிஞ்சுதான்னு கேட்டேன். அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, நான் தூங்கிட்டேங்கிறான். பாரேன் இவனை!"