உனக்கேன் இந்த ஆசை?

"உனக்கேன் இந்த ஆசை?" ஊரார் கேட்கிறார்கள்; உற்றார் கேட்கிறார்கள்; தானும் நகராமல் பிறரையும் நகரவிடாமல் திண்ணையைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் கேட்கிறார்கள். கேள்வி என்றால், தோழர்களே, விடை வேண்டிக் கேட்கவேண்டும். இவர்களோ விடையை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். "நீ யார் வீட்டுப் பிள்ளை? உன் அப்பன் என்ன செய்தான்? நீயும் அதையே செய்!" அவ்வளவுதான் அந்த விடை. மனுநீதிக்கு வேட்டி மாற்றிக் கட்டி, அனுபவ அறிவு என்று பெயர் சூட்டித் தெருவில் உலவ விட்டிருக்கிறார்கள்.

திருப்பூர்ப் பள்ளியொன்றில் பாடம் சொல்லும் எனக்கு இந்தக் குரல் நாள்தோறும் கேட்கிறது. பத்தாம் வகுப்பு மாணவன் பொறியாளனாக வேண்டும் என்கிறான். "படித்தவனே வேலை தேடி அலைகிறான், பனியன் கம்பெனிக்குப் போ, சனிக்கிழமையானால் கையில் காசு!" என்கிறது தெரு. போகிறான். கைமடிக்கப் போனவன் ஓவர்லாக்கில் அமர்கிறான். சரக்கு அனுப்பும் நாள் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் உழைக்கிறான். அந்த உழைப்பை இழிவென்று சொல்ல என் நா எழாது. கடல் கடந்த நாடுகளுக்கெல்லாம் சட்டை தைத்து அனுப்பும் கைகள் அவை. அந்த வேலையை அவன் விரும்பி ஏற்றானா, வேறொன்றை விரும்பும் துணிவையே பறிகொடுத்தபின் ஏற்றானா என்பதே என் கவலை. கம்பெனி முதலாளியின் மகன், "பொறியியல் படிக்கப் போகிறேன்" என்று சொல்லட்டும். இதே தெரு, "உனக்கேன் இந்த ஆசை?" என்று கேட்குமா? வாழ்த்துப் பதாகை அல்லவா கட்டுகிறது!

பெண்ணாகப் பிறந்துவிட்டாலோ ஏளனம் இரட்டிப்பாகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்றொரு ஏற்பாடு பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. ஏழை வீட்டு இளம்பெண்ணை ஆலை விடுதியில் தங்கவைத்து மூன்றாண்டு வேலை வாங்குவது. முடிவில் திருமணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாக ஆசை காட்டுவது. நோயுற்று இடையில் வெளியேறியவளுக்கு அந்தத் தொகை கிட்டாமற்போனதும் உண்டு. வரதட்சணையைத் தடை செய்து 1961-லேயே சட்டம் இயற்றிய நாட்டில், வரதட்சணைக்காக உழைப்பதற்கே ஒரு திட்டம்! அதற்குச் சூட்டிய பெயரையாவது பாருங்கள். பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்தவளுக்குச் 'சுமங்கலி'ப் பட்டம். அவள் செவிலியாக ஆசைப்பட்டிருக்கலாம், வழக்குரைஞராக ஆசைப்பட்டிருக்கலாம். யார் கேட்டார்கள்? தாலிக்கு மேலே ஒரு கனவு அவளுக்கு இருக்கக்கூடும் என்று திட்டம் தீட்டியவர்களுக்குத் தோன்றவேயில்லை.

ஊர்ச் சொல்லை மீறினால் என்ன பாடு படவேண்டும், பட்டால் என்ன விளையும் என்று அறிய நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. பக்கத்திலுள்ள கோவைக்குப் போனால் போதும்.

அருணாசலம் முருகானந்தம் கைத்தறி நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. தந்தை சாலை விபத்தில் இறந்தார். தாய் கூலி வேலைக்குப் போனார். பதினான்கு வயதில் மகனின் பள்ளிப் படிப்பு நின்றது. பட்டறையில் வேலை கற்றார். 1998-ல் திருமணமாயிற்று. மனைவி மாதவிடாய்க்குக் கந்தல் துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டார். கடையில் விற்கும் நாப்கின் வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்கும் காசு குறையும் என்ற நிலை. வாங்கிப் பிரித்துப் பார்த்தார். சிறிதளவு பஞ்சு போன்ற பொருள். அதற்கா இவ்வளவு விலை? நாமே செய்தால் என்ன என்று எண்ணினார்.

எண்ணியதுதான் குற்றமாயிற்று! 'தீட்டு' என்று சொல்லி வீட்டின் மூலையில் பெண்ணை உட்காரவைக்கும் நாட்டில், ஓர் ஆண்மகன், பட்டறைத் தொழிலாளி, அந்தத் 'தீட்டை' ஆராய்வதாவது! பஞ்சில் செய்து கொடுத்தார். பயன்படவில்லை, பழந்துணியே மேல் என்று மனைவி சொல்லிவிட்டார். உடன்பிறந்த சகோதரிகளும் ஒதுங்கினர். மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். கடைசியில் தம் உடலையே சோதனைக்கூடமாக்கினார்: பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் மிதித்தார், ஓடினார். உடையில் கறை கண்ட ஊர் என்ன நினைத்திருக்கும்! பால்வினை நோய் என்றனர் சிலர். மனைவி பிரிந்து போனார். பிறகு தாயும் போனார். பேய் பிடித்துவிட்டது, மரத்தில் தலைகீழாகக் கட்டிவைத்துப் பேயோட்ட வேண்டும் என்று முடிவு கட்டினர் ஊரார். அதற்குத் தப்ப அவர் ஊரைவிட்டே வெளியேறினார்.

கவனியுங்கள் தோழர்களே! அறியாதவன் ஒருவன் அறிந்துகொள்ள முயல்கிறான். அதற்கு ஊர் கண்ட காரணம் பேய். வேப்பிலையும் உடுக்கையும் இன்றும் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

அவர் தளராததற்கு என்ன காரணம்? திருமண மண்டபங்களில் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, "உன்னால் முடியும்! கண்ணை மூடி நம்பு!" என்று முழங்குகிறார்களே, அந்த மந்திரமா? (பழைய பூசாரி தட்டில் போடுவதை வாங்கிக்கொள்வான், புதிய பூசாரி ரசீது கொடுக்கிறான்.) கண்ணை மூடி நம்பியிருந்தால் முருகானந்தம் பஞ்சோடு நின்றிருப்பார். கண்ணைத் திறந்துகொண்டு ஐயுற்றார். பஞ்சு ஏன் தோற்கிறது, கடைச் சரக்கு ஏன் வெல்கிறது? அதை அறிய இரண்டாண்டுக்கு மேலாயிற்று. கல்லூரி ஆசிரியர் ஒருவரின் துணையோடு அயல்நாட்டுக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார். ஆலை முதலாளி என்று அவர்கள் நினைக்கும்படி பேசி மாதிரிப் பொருளை வரவழைத்தார். வந்தது அட்டை போன்ற கெட்டிப் பலகை. கிழித்தார், நார் தெரிந்தது. அது மரக்கூழ்! மரத்தின் செல்லுலோஸ் நார்தான் ஈரத்தை உறிஞ்சி உள்ளே நிறுத்துகிறது. பஞ்சு நாட்டில் பிறந்தவர், பஞ்சு உதவாது என்ற உண்மையை ஏற்றுக்கொண்ட நாளில் வழி திறந்தது.

அடுத்த தடை இயந்திரம். இறக்குமதி இயந்திரத்தின் விலை மூன்றரைக் கோடி ரூபாய் என்றார்கள். பட்டறைக்காரர் அந்த வேலையைப் பிரித்துப் பார்த்தார்: மரக்கூழை நாராக்குவது, அச்சில் அமுக்குவது, மேலுறை சுற்றி ஒட்டுவது, புறஊதாக் கதிரால் நுண்கிருமி நீக்குவது. ஒவ்வொன்றுக்கும் எளிய கருவி. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 65,000 ரூபாயில் முடிந்தது! 2006-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் அதை வைத்துக் காட்டினார். பின்னர்த் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் விருது, 2014-ல் டைம் ஏட்டின் நூறு பேர் பட்டியலில் இடம், 2016-ல் பத்மஸ்ரீ. பிரிந்த மனைவி மீண்டும் வந்தார், ஊரும் வந்தது. விருதுகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்த இயந்திரத்தைப் பெருமுதலாளிகளிடம் விற்றுவிட்டுப் பங்களா கட்டாமல், மகளிர் தன்னுதவிக் குழுக்களிடம் கொண்டு சேர்த்தார். மூலையில் உட்காரவைக்கப்பட்ட பெண்கள் அதை இயக்கிப் பிழைக்கிறார்கள்.

அவரை ஐயுற்றவர் இரு வகையினர். "இது ஈரத்தைத் தாங்கவில்லை" என்று சொன்ன மனைவியும் சகோதரிகளும் ஒரு வகை. அவர்கள் குறை கண்டது பொருளில். அந்த ஐயம் கசந்தாலும் மருந்து. அதைக் கேட்டதால்தான் அவர் மரக்கூழ்வரை போனார். "பேய் பிடித்திருக்கிறது" என்றவர்கள் மறுவகை. அவர்கள் பொருளைத் தொட்டும் பார்க்கவில்லை. மனிதனிடமே குறை கண்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல அவர் நின்றிருந்தால் மரத்தில்தான் தொங்கியிருப்பார். நம் இளைஞர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கணக்கு ஆசிரியர் விடைத்தாளில் போட்ட சிவப்புக் கோட்டுக்கும், "உங்கள் ஆட்களுக்குக் கணக்கு வராது" என்ற அண்டை வீட்டாரின் சொல்லுக்கும் ஒரே அளவு மனம் உடைகிறார்கள்! முன்னதைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படிக்கவேண்டும். பின்னதைச் செவியில் வாங்கவே கூடாது.

'முடியாது' என்ற சொல்லே பல வேளைகளில் பணப்பையிலிருந்து பிறக்கிறது. நொய்யலில் சாயக்கழிவு ஓடிய காலத்தில், ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிப்பது கட்டுப்படியாகாது, நடவாது என்ற பேச்சை இந்த வட்டாரத்தில் கேட்காதவர் இல்லை. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. தொழில் துடித்தது; தொழிலாளி பட்டினி கிடந்தான். பிறகு கழிவு வெளியேறாத சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. நடவாது என்றது எப்படி நடந்தது? நொய்யல் முற்றிலும் தூய்மையாகிவிட்டதென்று நான் சொல்லவில்லை. அது வேறு கட்டுரை. செலவு செய்ய மனமில்லாதபோது முடியாமையாக இருந்தது, பூட்டு விழுந்ததும் முடிந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உன் மகளைப் படிக்கவைக்க முடியாது என்று ஓர் ஆலைத் தரகர் வந்து சொன்னால், அவருக்கு அதில் கிடைக்கும் கூலி எவ்வளவு என்று கேளுங்கள்.

பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்துச் சுயமரியாதை மேடைகளில் முழங்கியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். ஊர் அவரைத் தூற்றாத தூற்றல் இல்லை. அந்த வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் 1947-ல் வந்தே தீர்ந்தது. அவர் பெயரில் 1989-ல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் தொடங்கியது. அதுவே 2022-ல் புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ஏற்பாடாயிற்று. "கல்யாணம் எப்போது?" என்று கேட்ட அரசே, "கல்லூரி எது?" என்று கேட்கத் தொடங்கிவிட்டது. நம் தெருவுக்கு மட்டும் ஏன் இன்னும் பழைய வினா?

ஆகவே தம்பி, தங்காய்! ஒரு தாளை எடுத்துக்கொள். சேர விரும்பும் படிப்பு, கல்லூரி, பேருந்துச் செலவு, கட்டணம், கிடைக்கும் உதவித்தொகை, விடுமுறையில் செக்கிங் வேலை பார்த்தால் வரும் காசு எல்லாவற்றையும் எழுது. "உனக்கேன் இந்த ஆசை?" என்று வருபவரிடம் அந்தத் தாளை நீட்டு. கூட்டலில் பிழை காட்டினால் நன்றி சொல்லித் திருத்திக்கொள். குலத்தைக் காட்டினால், சாதகத்தைக் காட்டினால், "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு?" என்று இழுத்தால், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விண்ணப்பம் கொடுக்கப் புறப்படு. அவரோடு வாதாடிக்கொண்டிருந்தால் நேரமாகிவிடும். கல்லூரி அலுவலகத்தை மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.