மழை நின்ற பிறகும் மலை ஓடையில் தண்ணீர் ஓடுவது எப்படி? காங்கேயத்துக்கும் ஆனைமலைக்கும் என்ன கனெக்‌ஷன்?

தேங்காய்க் களம், அரிசி ஆலை, காளை என்று பெயர்போன ஊர் காங்கேயம். மழை மட்டும் குறைவு. இங்குள்ள வயல்களுக்கு வாய்க்காலில் வரும் தண்ணீர், தொலைவில் ஆனைமலையில் பெய்த மழை!

எந்த வழியாக வருகிறது?

பிஏபி எனப்படும் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம் வழியாக. சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு அணைகளைக் கடந்து, சர்க்கார்பதி மின்நிலையம் வழியாக திருமூர்த்தி அணைக்கு வரும் தண்ணீர், வெள்ளகோவில் கிளைக் கால்வாயில் காங்கேயத்தை அடைகிறது. மொத்தப் பாசனப் பரப்பு சுமார் 3.77 லட்சம் ஏக்கர். 4 மண்டலங்களாகப் பிரித்து, முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள்.

ஓடைக்குத் தண்ணீர் எங்கிருந்து?

இமயமலை போல இங்கே பனி உருகுவதில்லை. எல்லாமே பருவமழைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையை, சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மண்ணுக்குள் இறக்குகின்றன. அந்த ஈரம் பாறை இடுக்குகள் வழியாக மெல்லக் கசிகிறது. மழை விட்ட பிறகும் ஓடை ஓடுவது அதனால்தான்.

காலநிலை மாற்றம் என்ன செய்கிறது?

வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், காற்று சுமார் 7% அதிக நீராவியைத் தாங்கும். அதனால் மழை பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. நடுவில் வறண்ட நாட்கள் நீள்கின்றன. கொட்டும் மழையை மண்ணால் உறிஞ்ச முடியாது. பெரும்பகுதி வெள்ளமாக ஓடிவிடும். அணை நிரம்பினால் மிச்சம் உபரிதான். ஆக, வருட மழைக் கணக்கு மாறாவிட்டாலும் கோடையில் ஓடை வறளலாம்.

இரண்டு முகத்தையும் பார்த்தாச்சு. 2018 ஆகஸ்ட்டில் கேரளாவில் பெருவெள்ளம். 2023 ஆகஸ்ட், 1901-க்குப் பிறகு இந்தியாவின் மிக வறண்ட ஆகஸ்ட்.

அடி யாருக்கு?

கடைமடைக்குத்தான். தண்ணீர் குறைந்தால் கடைசியில் இருப்பவருக்கே முதலில் நிற்கும். உரிய பங்கு வரவில்லை என்று காங்கேயம் - வெள்ளகோவில் விவசாயிகள் பலமுறை போராடியிருக்கிறார்கள். தென்னை வைத்தவருக்கு இது ஒரு போக நஷ்டம் இல்லை. மரம் பட்டுப்போனால் பல வருட உழைப்பே போச்சு.

தீர்வு?

முறை வைப்பதும் கால்வாயைச் சரிசெய்வதும் பாதி வேலைதான். மீதி மலை மேலே இருக்கிறது. அந்நியத் தாவரங்களை அகற்ற தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. சோலையும் புல்வெளியும் மீண்டால்தான், காங்கேயத்து வாய்க்காலில் வரும் தண்ணீருக்கு உத்தரவாதம்.