பழவேற்காட்டு மீனவ ஊர்களும் உலக எண்ணெய், எரிவாயு வணிகமும்

பழவேற்காடு ஏரி தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் எல்லையில் அமைந்துள்ள உவர்நீர்க் காயல் ஆகும். இந்தியாவில் சிலிக்கா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் தென்பகுதியில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம் முதலிய மீனவ ஊர்கள் உள்ளன. உலக எண்ணெய், எரிவாயு வணிகம் இவ்வூர்களை இரண்டு வழிகளில் பாதிக்கின்றது. ஒன்று, படகுகளுக்கான எரிபொருளின் விலை. மற்றொன்று, அருகிலுள்ள கடற்கரையில் எழுந்துள்ள துறைமுகங்களும் எரிபொருள் முனையங்களும்.

பின்னணி

ஏரியின் ஆழம் குறைவு. ஏரிக்குள் மீன்பிடித்தல் பெரும்பாலும் துடுப்பு, கழி, பாய் ஆகியவற்றைக் கொண்டே நடைபெற்றது. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலையிடலாம் என்பதை ஊரார் முறைவைத்து ஒதுக்கும் வழக்கம் 'பாடு' எனப்படுகின்றது. இறால், மடவை, நண்டு ஆகியவை இங்கு முதன்மையான பிடிப்புகள் ஆகும். முகத்துவாரம் வழியாகக் கடலுக்குச் செல்லும் படகுகளில் இயந்திரங்கள் பரவியதும் இவ்வூர்களின் தொழில் டீசல், மண்ணெண்ணெய் ஆகியவற்றைச் சார்ந்ததாயிற்று.

கடற்கரையில் எரிபொருள் கட்டமைப்பு

சென்னையை அடுத்த மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இந்திய அரசு, ஐக்கிய அமெரிக்காவின் அமோக்கோ நிறுவனம், ஈரானியத் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியாக 1965 இல் நிறுவப்பட்டு, 1969 இல் உற்பத்தியைத் தொடங்கியது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 25 இலட்சம் டன்னாக இருந்த இதன் திறன் பின்னர் 105 இலட்சம் டன்னாக உயர்த்தப்பட்டது.

எண்ணூர்த் துறைமுகம் 2001 இல் திறக்கப்பட்டது. 2014 இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அனல் மின்நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதே இதன் முதல் நோக்கம். பின்னர் பெட்ரோலியப் பொருள்களும் சமையல் எரிவாயுவும் இங்கு வந்து இறங்கின. இந்தியாவின் கிழக்குக் கடற்கரையில் முதலாவதான நீர்ம இயற்கை எரிவாயு முனையம் 2019 இல் இங்குத் தொடங்கப்பட்டது. இதன் திறன் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் ஆகும். சுமார் -162 பாகை செல்சியசில் நீர்மமாகக் கப்பலில் வரும் எரிவாயு, இங்கு மீண்டும் வளியாக்கப்பட்டுக் குழாய்வழி அனுப்பப்படுகின்றது. மணலியின் உர ஆலை 2019 இல் நாப்தாவிலிருந்து இந்த எரிவாயுவுக்கு மாறியது.

உலகச் சந்தையின் போக்குகள்

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டிற்கும் மேல் இறக்குமதி செய்கின்றது. எரிவாயுவில் ஏறத்தாழ பாதி இறக்குமதியே. கிருட்டிணா-கோதாவரிப் படுகையில் 2009 இல் தொடங்கிய ஆழ்கடல் எரிவாயு உற்பத்தி 2010 க்குப் பின் எதிர்பாராத அளவில் வீழ்ந்தது. இது இறக்குமதித் தேவையை மிகுவித்த காரணங்களுள் ஒன்று.

2022 இல் உருசியா-உக்ரைன் போரையடுத்து ஐரோப்பிய நாடுகள் உருசியக் குழாய்வழி எரிவாயுவுக்கு மாற்றாகக் கப்பல்வழி எரிவாயுவைப் பெருமளவில் வாங்கின. விலை பன்மடங்கு உயர்ந்ததால் அவ்வாண்டு இந்தியாவின் எரிவாயு இறக்குமதி குறைந்தது. மாறாக, கச்சா எண்ணெயில் இந்தியா விலைத் தள்ளுபடியால் பயன்பெற்றது. போருக்கு முன் 2 விழுக்காட்டளவே இருந்த உருசிய எண்ணெயின் பங்கு, 2023-24 இல் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலாயிற்று.

எரிபொருள் விலையும் மீனவர்களும்

உலகச் சந்தையில் விலை இறங்கினால் மீனவர் செலவும் இறங்கும் என்று கருத இடமில்லை. டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீக்கப்பட்டது. அப்போது கச்சா எண்ணெய் விலை வீழ்ந்துகொண்டிருந்தது. ஆனால் 2014 நவம்பர் முதல் 2016 சனவரி வரை நடுவண் அரசு உற்பத்தி வரியை ஒன்பது முறை உயர்த்தியது. கொரோனா முடக்கத்தால் விலை மீண்டும் சரிந்தபோது, 2020 மே மாதத்தில் டீசல் மீதான வரி லிட்டருக்கு 13 ரூபாய் கூட்டப்பட்டது. இவ்வாறு விலை வீழ்ச்சியின் பெரும்பகுதி அரசின் வருவாயாயிற்று. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் வரி குறைக்கப்பட்டது. அதன்பின் 2024 மார்ச்சு வரை சில்லறை விலை ஏறத்தாழ மாறாமல் இருந்தது.

தமிழ்நாடு அரசு மீன்பிடி படகுகளுக்கு விற்பனை வரி விலக்குடன் டீசலும், மானிய விலையில் மண்ணெண்ணெயும் குறிப்பிட்ட அளவு வழங்குகின்றது. அந்த அளவிற்கு மேல் தேவைப்படுவதைச் சந்தை விலையில் வாங்க வேண்டும். மீன் குறைந்து தொலைவு கூடும்போது எரிபொருள் தேவையும் கூடுகின்றது. கூடிய செலவை மீன் விலையில் ஏற்றும் வலிமை சிறு படகுக்காரருக்கு இல்லை.

எண்ணெய்க் கசிவுகள்

2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்திற்கு அருகே, எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிய பி. டபிள்யூ. மேப்பிள் கப்பலும், பெட்ரோலியப் பொருள் ஏற்றி வந்த டான் காஞ்சிபுரம் கப்பலும் மோதிக்கொண்டன. தொடக்கத்தில் கசிவு இல்லை என்றே கூறப்பட்டது. பின்னர் தடித்த எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியது. தொண்டர்களும் மீனவர்களும் அதை வாளிகளால் அள்ளி அகற்றினர். மீன் உண்ண மக்கள் அஞ்சியதால் எண்ணெய் எட்டாத இடங்களிலும் விற்பனை சரிந்தது.

2023 டிசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்தின்போது, மணலி ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளநீருடன் வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய், கொசத்தலை ஆறு வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதனைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. எண்ணூர்க் கழிமுகமும் பழவேற்காடு ஏரியும் கால்வாயால் இணைந்தவை என்பதால், ஓரிடத்து மாசு மற்றதற்கும் அச்சுறுத்தலாகும்.

விரிவாக்கமும் எதிர்ப்பும்

காட்டுப்பள்ளியில் கப்பல்கட்டும் தளமும் துறைமுகமும் அமைக்கப்பட்டபோது அங்கிருந்த மீனவர் இடம்பெயர்க்கப்பட்டனர். 2018 இல் அதானி குழுமம் இத்துறைமுகத்தை வாங்கிப் பெரும் விரிவாக்கத்தை முன்மொழிந்தது. கடலரிப்பு, முகத்துவாரம் தூர்தல், மீன்பிடி பரப்பு இழப்பு ஆகியவற்றைக் காட்டி மீனவ ஊர்கள் எதிர்த்தன. 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடைபெறவிருந்த பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன.

எரிபொருள் இறக்குமதியால் மாநிலத்தின் மின்சாரம், உரம், சமையல் எரிவாயு ஆகிய தேவைகள் நிறைவேறுகின்றன என்பது உண்மையே. எனினும் அதன் பயன் மாநிலம் முழுவதும் பரவ, கசிவு, கரையரிப்பு, இடப்பெயர்வு ஆகியவை ஒரு சில ஊர்களில் குவிகின்றன. பாடு முறையால் தம் நீர்ப்பரப்பைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் மீனவருக்கு, அந்நீர்ப்பரப்பின் எதிர்காலம் பற்றிய முடிவுகளில் அத்தகைய பங்கு இல்லை.